எரிக்கும் ரவுட்டரும்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் பாதிப் பேச்சில் நெட் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் சொல்கிறார். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் திருப்பத்தூர் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நடுவில் மொழிபெயர்க்க வீடியோவில் நான். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு... என்ற இடத்தில் படம் உறைந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? அந்த அம்மா என்னவென்று நினைத்துக்கொண்டிருப்பார்? நர்சுக்கு போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

சூப்பர்வைசர் கோமளம் மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மறுபடியும் இப்படி ஆனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கு வந்துவிடுங்கள் என்றார். நாங்கள் இருக்கும் காக்ஸ் டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டு. பஸ்ஸிலேயே குடியிருக்கலாம். வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. எரிக்கை அவன் கம்பெனி இரண்டு மாதம் முன் வேலையை விட்டு அனுப்பிய பிறகு வீட்டில் வேலையில் இருப்பது நான் ஒருத்திதான்.

எரிக் ரவுட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டான். குற்றவாளி இதுதான். உள்ளே கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்திருக்கும் ஃபர்ம்வேர், அதாவது அதை ஓட்டும் மென்பொருள், குப்பை. அதை எடுத்துவிட்டு, உலகத்திலிருக்கும் நல்லவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஃபர்ம்வேரைப் போட்டால் குதிரை மாதிரி ஓடுமாம். கல்யாணத்துக்கு முன் கோயில் வாசலில் நின்று என்னை அப்படிப் பார்ப்பான். இப்போது ரவுட்டருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

ரவுட்டர் மறுத்துவிட்டது. ‘இந்தக் கோப்பு செல்லாது’ என்கிறது. வேறு பிரவுசரில் போட்டுப் பார்த்தான். பிறகு என் லேப்டாப்பில். ப்ளீஸ் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன். 

ஜூலை 11, வெள்ளி

பெரிய கண்டுபிடிப்பு. அட்டைப்பெட்டியில் வெர்ஷன் இரண்டு என்று போட்டிருக்கிறது, ரவுட்டரின் அடிவயிற்றில் மூன்று என்று ஒட்டியிருக்கிறது. பெட்டியை நம்பி மோசம் போனேன் என்றான். மாப்பிள்ளை வீட்டார் காட்டிய போட்டோவை நம்பிய பெண் மாதிரி முகம். மூன்றுக்கான கோப்பை இறக்கிப் போட்டான்.

‘இந்தக் கோப்பு செல்லாது.’

வெளி ஆட்களின் ஃபர்ம்வேரை ஏற்காதபடி கம்பெனியே பூட்டு வைத்திருக்கிறதாம். கையெழுத்து மாதிரி ஏதோ ஒன்றைச் சரிபார்க்குமாம். “நம்ம வீட்டு ரவுட்டர், பிரிஜி. நம்மளயே உள்ள விட மாட்டேங்குது” என்றான். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவன் மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. பழைய கம்பெனியின் வேறொரு கிளைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். அங்கிருந்தும் பதில் வந்திருக்கிறது. மன்னிக்கவும், தங்கள் விண்ணப்பத்தை இப்போதைக்கு... மீதியை நான் படிக்கவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை அவன்.

ரவுட்டரைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஜூலை 12, சனி

போச்சு.

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வழி சொன்னாராம். முதலில் கம்பெனியின் பழைய ஃபர்ம்வேருக்கு இறங்கு, பழசுக்குப் பூட்டுப் பார்க்கத் தெரியாது, அதன் மேல் புதுசைப் போடு. பழசு உள்ளே போயிற்று. எரிக் கை தட்டினான். புதுசும் போயிற்று. பிறகு எல்லா விளக்கும் அணைந்து ஒன்றே ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. எதைச் செய்தாலும் மினுக்கல்தான். இந்த நிலைமைக்கு அவர்கள் பாஷையில் செங்கல் என்று பேராம். செங்கல் என்றால் சுவராவது கட்டலாம் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எரிக் பூசைக்கு வரவில்லை. தலைவலியாம். திரும்பி வரும்போது மாடிவீட்டு ரெமிஜியஸ் அங்கிள் படியில் பார்த்துவிட்டு எங்கே உன் வீட்டுக்காரன் என்றார். ரவுட்டருக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருக்கிறான் என்றேன். அங்கிளின் மனைவி, மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போனதிலிருந்து துவைப்பது காயப்போடுவது எல்லாம் அவர்தான். கையில் சோப்பு வாசனையோடு போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது எரிக் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் கை வச்சா எல்லாமே கெட்டுப் போகுது பிரிஜி.”

எனக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல கிண்டல்தான். முழுங்கிட்டேன். என்ன சொல்றது நான்? அப்படியெல்லாம் இல்லன்னா நம்புவானா? இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினேன். வேறொன்றும் தோன்றவில்லை. இரண்டு மாதமாக இதைத்தான் மனசுக்குள் வைத்திருந்தானா? நான் பாட்டுக்கு செங்கல், சுவர்னு...

ஜூலை 14, திங்கள்

எழுதக் கை பரபரக்கிறது.

காலையில் எரிக் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனான். ரவுட்டரின் வயிற்றைத் திறந்து உள்ளே நேராகப் பேச ஏதோ ஒயர் வேண்டுமாம். எனக்கு டியூட்டி. போகுமுன், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து என் லேப்டாப்புக்கு நேராக ஒயர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பெட்டி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒயர் குட்டை. அதனால் மாதாவின் காலடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

பத்து மணிவாக்கில் மறுபடி அறுந்தது.

ரவுட்டரே இல்லையே. அப்புறம் எப்படி? அண்ணாந்து பார்த்தேன். படத்துக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு. பெட்டிக்கே லைன் வரவில்லை. இத்தனை நாள் எல்லோரும் ரவுட்டரையே முறைத்துக்கொண்டிருந்தோம், இதை யார் பார்த்தோம்?

போனிலேயே அந்த நோயாளியிடம் பேசி முடித்துவிட்டு, கேபிள் போகிற வழியே மொட்டைமாடிக்கு ஏறினேன். ரெமிஜியஸ் அங்கிள் ஈரப் போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். கொடி கட்டிய கம்பியிலேயே எங்கள் கேபிளும் கட்டியிருக்கிறது. ஈரப் பாரத்தில் கம்பி வளைய, அதோடு கேபிளும் மடங்கி நிற்கிறது. அங்கிள், அந்தப் போர்வையை எடுங்கள் என்றேன். ஏனென்று கேட்காமல் எடுத்தார். கீழே ஓடினேன். பச்சை விளக்கு. மேலே ஓடிப் போடச் சொன்னேன். கீழே வந்தால் சிவப்பு. மறுபடி எடுக்கச் சொன்னேன். பாவம், இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

“கேபிள்காரன் கிட்ட அன்னிக்கே சொன்னேம்மா, இதுல கட்டாதடா, வேற எங்கியாச்சும் கட்டுன்னு. கேட்டாதானே” என்றார்.

கோமளம் மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னேன். போர்வையா, போர்வையா என்று இரண்டு தடவை கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் லைன் சரியானால் ஒயிட்ஃபீல்டு வேண்டாம் என்றார்.

எல்லாம் சரி. எரிக்கிடம் எப்படிச் சொல்வது? நீ கொன்றது நிரபராதியை என்றா?

சொன்னேன். பை நிறைய ஒயரோடு வந்து நின்றவனிடம், மெதுவாக, கிண்டல் கலக்காமல் சொன்னேன். மாடிக்குப் போய்ப் பார்த்தான். இறங்கி வந்தான். செருப்பைக் கழற்றினான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்கும்தான் கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பினால் மட்டும் இல்லை.

ஜூலை 16, புதன்

கேபிள்காரர் வந்து லைனைத் தனியாகச் சுவரோரமாக இழுத்துக் கட்டினார். அங்கிள் கூடவே நின்று மேற்பார்வை.

சாயங்காலம் ரவுட்டருக்கு உயிர் கொடுக்கும் வேலை. அதற்கு வயிற்றைக் கிழிக்கவே வேண்டாமாம். கம்பெனிக் கோப்பை ஒரு குறிப்பிட்ட பெயரில் கம்ப்யூட்டரில் வைத்து, ஒயரால் சேர்த்து, பின்னாலிருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்தால் தானாக எடுத்துக்கொள்ளுமாம். ஊசி அவன் கையில், சுவிட்ச் என் கையில். முதல் தடவை நான் முந்திவிட்டேன். அடுத்து அவன் ஊசி வழுக்கியது. பிறகு ஒரு தடவை எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தன.

இப்போது உன் இலவச ஃபர்ம்வேரைப் போடலாமே என்றேன். கேலிக்கு இல்லை, நிஜமாகத்தான்.

“அதுக்குத்தான் வேணாங்குதே. விடு” என்றான். ஊசியை டப்பாவில் போட்டுக்கொண்டே, “எத்தன தடவதான் அதே கதவ தட்டறது” என்றான்.

ரவுட்டரைச் சொன்னானா? நான் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

எரிக் காலையிலிருந்து லேப்டாப்பில். எட்டிப் பார்த்தேன். கம்மனஹள்ளியில் ஏதோ சின்னக் கம்பெனிக்கு விண்ணப்பம், ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிறவர்கள். பெயரே நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்டர்வியூ முடிந்து வந்தான். கடைசியாகச் சரிசெய்த பிரச்சினை எது என்று கேட்டார்களாம். சரிசெய்தது நான் இல்லை, என் பெண்டாட்டி என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இப்படியா சொல்லுவாங்க? நெற்றியில் அடித்துக்கொண்டேன். கேட்டவர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டியூட்டி நடுவில் இடைவேளை. பழக்கத்தில் இருவருக்கும் ரசம் வைத்துவிட்டேன். எரிக்குக்குக் கம்மனஹள்ளியில் இன்று வேலையில் முதல் நாள், வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. கிண்டல் பண்ண ஆள் இல்லாமல் தனியாகச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு எரிக் போன் பண்ணினான், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “பிரிஜி, இங்க ஒரு பழைய பிரிண்டர் இருக்கு. யார் பேச்சையும் கேக்காதாம். என்னைப் பாக்கச் சொல்லியிருக்காங்க. வர லேட்டாகும்.”

நிதானமாக வா என்றேன். வைத்த பிறகு, அந்தப் பிரிண்டருக்காகவும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிக்கொண்டேன்.