சாமத்தியவீட்டுக் காசு

அம்மா,
ஹனோவரில் டொக்டர் தந்த டெர்மினுக்குத் தனியாகவே போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது. பருப்புக்கு உப்புப் போடவில்லை.

“சாமத்தியவீட்டுக் காசை ஆருக்கடி குடுத்தனீ?” என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் பெரியபிள்ளையானதுக்கு மண்டபத்தில் சனம் என்வலப்பில் தந்த அந்தக் காசைப் பறவை பார்க்கிறவர்களின் இணையக் குழுவுக்கு அனுப்பினேன். பணமில்லாமல் அதை மூடப்போவதாகச் சொன்னார்கள்.

பள்ளியை விட்டபின் ஜன்னலில் கண்ட ஒவ்வொரு குருவியையும் பற்றி அவர்களிடம்தான் கேட்டேன். காசு வாங்காமல் சொல்லித் தந்தார்கள். ஏன் பள்ளிக்குப் போவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மண்டபத்தில் என்வலப்பில் எழுதுவதுபோல், கொடுத்தவர் பெயர் கேட்டார்கள். உங்கள் பெயரை எழுதினேன்.

ஐந்து மணிக்கு வருவேன்.
கிருசாந்தி

இப்போதுதான் பார்த்தேன், காசு போதாமல் குழுவை மூடிவிட்டார்கள். காசு கொடுத்தவர்களின் பட்டியலில் கடைசிப் பெயர் உங்களுடையது. அந்தக் குருவிகள் இனி என் கட்டிலுக்குக் கீழே நான் எழுதி வைத்திருக்கிற கொப்பிகளில் மட்டும்தான். விருப்பமென்றால் எடுத்துப் பாருங்கோ.