சொந்த ஊரைச் சுற்றிக் காட்டிய பஸ்

அன்பு மகள் வாண்டுவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீ சுகமா என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன். இந்தத் தடவை அதைப் பிரித்து எழுத வேண்டியதாகிவிட்டது. நான் இங்கே சுகம். உன் சித்தி வேறொரு ஊரில் சுகம். அதற்குக் காரணம் நீ டிக்கெட் எடுத்து அனுப்பிய அந்தச் சுற்றுலா. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி, நடுவில் சித்திக்குப் போன் போட்டு விசாரிக்காதே, அவள் வேறு மாதிரி சொல்லுவாள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அறுபத்தெட்டு வருஷமாக ஒரே நகரத்தில் இருக்கிறவனுக்கு அந்த நகரத்தையே சுற்றிக் காட்ட யாராவது ஏற்பாடு செய்வார்களா? எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன், குழாய் பதிக்க வருகிறவர்களே சில சமயம் என்னைக் கேட்டுவிட்டுத்தான் தோண்டுவார்கள். நகரமும் சுற்றியுள்ள மூன்று ஊர்களும் ஒரே நாளில், காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்கு வந்துவிடலாம் என்று நீ சொன்னபோதே, உன் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் கால் வலி என்கிறவள், நாலு நாள் முன்னாலேயே செருப்பைக் கழுவிக் காயவைத்தாள். நான் ஏதோ என்னோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வாய்த்த கைடு ஒரு சின்னப் பெண், உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒரு கையில் சிவப்புக் கொடி, மறு கையில் மைக், கழுத்தில் விசில், ரயில்வேயில் இருந்திருக்க வேண்டியவள். எங்கே இறக்கினாலும் இருபது நிமிஷம் சார், இருபது நிமிஷம் மேடம் என்பாள். மியூசியத்துக்கும் இருபது நிமிஷம், கழிப்பறைக்கும் இருபது நிமிஷம். ஏறியதும் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தாள், கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்கவாம். உன் சித்தி தலை கலைஞ்சுடும் எனக்கு வேணாம் என்று மடியில் வைத்துக்கொண்டாள். நான் போட்டுக்கொண்டேன். பின் சீட்டு அம்மாள் என்னை ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி என்றே நினைத்துவிட்டாளாம், நானும் அவள் மனசை நோகடிக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸை எடுக்குமுன் அந்தப் பெண் ஆள் எண்ணுவாள் பார், இருபத்தாறு பேரை நாலு தடவை எண்ணி நாலு விடை சொல்லுவாள். பொறுக்காமல் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன்மா நான், எட்டுப் பேருக்கு மேல் ஒருத்தரை ஏற்றியதில்லை, முகத்தை எண்ணாதே, முகம் திரும்பும் பேசும் குனியும், உச்சந்தலையை எண்ணு என்றேன். அதற்கப்புறம் முன்னாலேயே நின்றுகொண்டு சீட்டுகளுக்கு மேலே தெரிகிற மஞ்சளை மட்டும் எண்ணினாள், எண்ணும்போது மட்டும் உன் சித்தி தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். ஒரே தடவையில் இருபத்தாறு. சார் நீங்க பெரிய ஆளு சார் என்றாள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

பழைய மணிக்கூண்டுக்குக் கூட்டிப்போய் நூற்று அறுபத்திரண்டு படி என்றாள். இருநூறுக்குக் குறையாது என்று நான் அங்கேயே மறுத்தேன். மூட்டுக்கு நல்லது, படி ஏறுங்க சித்தப்பா என்று நீயும் மாசம் தவறாமல் சொல்கிறாய், அத்தனை பேருக்கு மூட்டு பார்க்கிற பிள்ளை சொல்வதைக் கேட்காமல் இருக்கலாமா, ஏறினேன். ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே ஏறினேன், இருநூற்று நாலு. இளவட்டங்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள், நான் அவர்களைத் தாண்டிப் போய் மேலே நின்று கை காட்டினேன்.

அப்புறம்தான் எனக்கு வயிறு எரிந்தது. பஸ் என் கட்டடத்துக்கு முன்னால் போகிறது. இடது பக்கம் பார்ப்பது அரசு அலுவலகங்கள், நகரின் முதல் பத்து மாடிக் கட்டடம் என்று ஒரே வரி சொல்லிவிட்டு, வலது பக்கத்துப் பூங்காவுக்குத் தாவிவிட்டாள். வாத்துகளுக்கு ஆறு வரி, என் கட்டடத்துக்கு ஒரு வரி. எழுந்து போய் மைக்கை இப்படிக் கொடும்மா என்று வாங்கினேன். படியில் போனவர்களை விட்டுத்தள்ளு, அந்தக் கட்டடத்தில் என்னைத் தாண்டி ஒருத்தர் மேலே போனதில்லை, மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் எத்தனை அதிகாரிகள் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு ஓய்வு பெற்ற டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே, இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். இனிமேல்தான் வரும் என்றேன். உன் சித்தி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏங்க, அஞ்சாம் மாடிப் பேச்ச மட்டும் எடுக்காதீங்க என்று முணுமுணுத்தாள். அதற்குள் எடுத்துவிட்டேன்.

முதல் ஊரில் ஏரி, தண்ணீர் இல்லை. இரண்டாம் ஊரில் செருப்புத் தொழிற்சாலை, லீவு. இதற்கிடையில் எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு காது டாக்டர், நாங்கள் இறங்கும்போதெல்லாம் உன் சித்தியின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை சரி, மூன்று தடவையா? மூன்றாம் ஊரில் நான் இறங்கும்போது, உன் சித்தி நடுவில் எழுந்தாலும் அவர் வந்து உட்காராமல் இருக்க, அவள் தொப்பியை அந்தச் சீட்டின் உச்சியில் இறுக்கி மாட்டிவிட்டேன். ஆள் உட்கார்ந்திருப்பது போலவே கம்பீரமாக இருந்தது.

அந்த மூன்றாம் ஊர் எது என்று உனக்குத் தெரியும், தெரிந்துதானே டிக்கெட் எடுத்தாய். உன் சித்தியின் தங்கை இருக்கிற ஊர். ஒன்பது வருஷமாகப் போக்குவரத்து இல்லை. சகலை அப்போது பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாடி அதிகாரி நம்ம ஆளு, ஸ்டோர் வேலைக்கு உங்களைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன், ஆர்டர் வந்தது மாதிரிதான் என்று நான் சொன்னேன். அவர் அதை நம்பி பிஸ்கட் கம்பெனியை விட்டுவிட்டார், இந்த வேலையும் வரவில்லை. அதிகாரிக்குத் திடீரென்று மாற்றல் ஆகிவிட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லிப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் வாயால எங்க அடுப்பு அணைஞ்சுதுக்கா, இனிமே இந்தப் பக்கம் வராத என்று தங்கைக்காரி சொல்லிவிட்டுப் போனவள்தான். அவர்கள் அந்த ஊருக்குக் குடிபோனார்கள், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவிக்கடை போட்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததோடு சரி.

அந்த ஊரில் பீங்கான் கடைக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தாள். கால் வலிக்குது, நீங்க போங்க, நான் பஸ்லயே இருக்கேன் என்றாள் உன் சித்தி. நானும் நம்பிப் போய், கைப்பிடி கோணலாக இருந்த ஒரு கோப்பையைப் பற்றிக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, விசில் ஊதியதும் வந்து ஏறினேன். மைக் பிடிக்க வசதியாக முன்னால் டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கைடு மஞ்சளை எண்ணினாள், இருபத்தாறு, போகலாம் ரைட் என்றாள். பதினைந்து கிலோமீட்டர் தாண்டிய பிறகு காது டாக்டர் குரல் கொடுத்தார். பெரியவரே, அந்தத் தொப்பிக்குள்ள இருந்த ஆள் எங்கே?

பஸ்ஸில் என்ன பேச்சு கேட்டேன் என்று எழுதமாட்டேன். டீச்சர் நோட்டை மூடிவிட்டார். சித்தியின் போன் என் பையில்தான் இருந்தது. கைடு பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது, நீங்க சொன்ன மாதிரிதானே சார் எண்ணினேன் என்றாள். அப்புறம் மெல்லச் சொன்னாள், அந்தம்மா காலையிலயே எங்கிட்ட சாவிக்கடைக்கு வழி கேட்டாங்க சார், அங்கதான் போயிருப்பாங்க. திரும்ப முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். டயர் கடை ஒன்றின் முன்னால் நான் மட்டும் இறங்கி, மெத்தை ஏற்றிப் போன வேனைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன். வழி முழுக்க உங்கள் இருவர் மேலும் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கூட்டிப் போயிருக்க மாட்டேனா? மாட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் போகிற இடத்தில் பேச வேண்டுமே என்று, அந்த மாற்றல் கதையை இன்னும் கொஞ்சம் பலமாகக் கட்டினேன். அதிகாரி பெட்டியோடு லிஃப்டில் இறங்கினார், உன் சகலைக்குச் செய்ய முடியலையே என்று கண் கலங்கினார், இந்த மாதிரி.

சாவிக்கடை ஒரு ஆள் படுக்கிற அகலம்தான், சுவர் முழுக்கச் சாவி. உள்ளே ஸ்டூலில் உன் சித்தி, எதிரில் அவள் தங்கை, இருவர் கையும் ஒன்றாக மடியில் கிடக்கிறது. அழுது முடித்த முகம். என்னைப் பார்த்ததும் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். பஸ்ஸ விட்டுட்டீங்களா என்றாள் உன் சித்தி. பஸ்ஸை விட்டது நானாம். சகலை மெஷினில் ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தலை நரைத்துவிட்டது. வாங்க என்று சொன்னார், தலை நிமிரவில்லை. நான் அதிகாரியின் பெட்டியில் ஆரம்பிக்கப் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். சகல, ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அஞ்சாம் மாடிக்காரர்கிட்ட என்னைப் பத்தி நீங்க நெஜமாவே பேசினீங்களா?

உன் சித்தி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நான் ஒரு பெட்டியைத் தூக்கினால் அவள் இந்த வாசலுக்கு மறுபடி வர இன்னும் ஒன்பது வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷம் எங்கள் இருவரிடமும் இல்லை. இல்ல, பேசல என்றேன்.

தெரியும் என்றார் அவர். நீங்க லீவுல இருந்த அன்னிக்கு நானே போய்ப் பாத்தேன், மாற்றலும் இல்ல ஒண்ணும் இல்ல, அதே நாற்காலியில உக்காந்திருந்தார். லிஃப்ட்டு அண்ணன் சொல்லியிருப்பாரேன்னு கேட்டேன், லிஃப்ட்ல ஆள் இருக்கா என்னன்னு கேட்டார். யார்கிட்டயும் சொல்லல, இவகிட்டகூட. நீங்களா வந்து ஒரு நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.

அந்த அதிகாரி தினமும் இரண்டு தடவை என்னோடு ஏறி இறங்கியவர், வாண்டு. பொத்தான் பக்கம் நான் நிற்பேன், என் தோளுக்குப் பின்னால் அவர் நிற்பார். தலையாட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். மாடி எண்ணைப் பார்க்க நிமிர்ந்திருப்பார் போலிருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், அங்கே உன்னோடு இருக்கிறவர்களிடம் படித்துக் காட்டாதே.

தங்கை டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சித்தி நாலு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள், என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். வீட்டுச் சாவி அவள் கைப்பையில். சகலை அதை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, பத்து நிமிஷத்தில் இன்னொன்று போட்டு என் கையில் கொடுத்தார். தெறக்கலன்னா எடுத்துட்டு வாங்க, தேச்சுத் தரேன் என்றார். நான் கிளம்பி வாசல் தாண்டியபோது தங்கை பின்னாலிருந்து கூப்பிட்டாள். மாமா, அந்தத் தொப்பியக் கழட்டிட்டுப் போங்க, தெருவுல சிரிப்பாங்க. ஒன்பது வருஷம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தனையும் நான் அந்த மஞ்சள் தொப்பியோடுதான் நின்று சொல்லியிருக்கிறேன், ஒருத்தராவது முன்னாடியே சொல்லக்கூடாதா?

வீடு வந்து பூட்டில் போட்டேன், ஒரே திருப்பில் திறந்துவிட்டது. கொஞ்சம் இறுகியிருந்தால் நாளைக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது சித்தியை அழைத்துவரச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். நீயும் உன் சித்தியும் சேர்ந்து திட்டம் போட்டதற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அதில் மாற்றமில்லை. அடுத்த தடவை அந்த ஊருக்கு நேராகப் போகிற சாதாரண பஸ்ஸில் டிக்கெட் எடு, கொடி வேண்டாம், விசில் வேண்டாம். சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் போட்டு எழுப்பு, சித்தி இல்லாமல் எழுந்திருப்பது சரியாக வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அடுத்தவர் முதுகை நிமிர்த்தி நிமிர்த்தி உன் முதுகைக் கூனாக்கிக்கொள்ளாதே. நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், பெற்றவர்கள் பெயரையும் வளர்த்தவர்கள் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் பிரியமும் குறையாத
சித்தப்பா

பின்குறிப்பு: மணிக்கூண்டில் நான் ஏறவில்லை. மூட்டு வலித்தது, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கைடு பெண் சொன்ன நூற்று அறுபத்திரண்டுதான் சரியாக இருக்கும்.