யார் வீட்டு மேசையும் அல்ல

ஓகஸ்ட் 1, வெள்ளி

நல்லூர்க் கொடியேறி நான்காம் நாள். கோயிலைச் சுற்றிய வீதித் தடைகள் பற்றிய செய்தியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆரபி வாசலிலேயே நிற்கிறாள்.

"அவையள் ஓம் எண்டிட்டினம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்."

"இங்கையோ?"

"இல்லை. ரவுணிலை புதுசாத் திறந்த இந்தியன் றெஸ்ரோறன்ற். சந்தன் மகால்."

நான் வீட்டுக்குத்தான் அழைத்திருந்தேன். சிவதர்ஷனின் தாய் பத்மாசினி தொலைபேசியில் மிகவும் பணிவாகச் சொன்னார்: "விரத காலம். உங்களுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல். வெளியிலை எங்கையும் சந்திப்பமே."

எனக்காக எழுதுவதால் நேராகவே எழுதுகிறேன். அவர்கள் அளவெட்டியில் நிலமும் தோட்டமும் உள்ளவர்கள். நாங்கள் பருத்தித்துறைக் கடற்கரை. என் அப்பா மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பி மூன்று வருடமாகிறது. இவ்வளவு காலத்தில் சாதி என்ற சொல்லை இரண்டு வீட்டிலும் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அதற்குப் பதிலாக "தூரம்" என்கிறோம், "கரைச்சல்" என்கிறோம். என் வீட்டில் கை நனைக்காமல் என்னோடு ஒரே மேசையில் இருக்க ஓர் இடம் வேண்டும். வடஇந்தியச் சாப்பாட்டுக் கடை அதற்குத் தோதானது. எங்கள் அடுப்பும் அல்ல, அவர்கள் அடுப்பும் அல்ல. சமைப்பவர் யார் மகன் என்று அங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை.

ஆரபிக்கு இது விளங்கவில்லையா, விளங்காதது போல் இருக்கிறாளா?

ஓகஸ்ட் 2, சனி

ஆரபியின் கட்டளை: "பேட்டி எடுக்காதேங்கோ. மாமா, சிவதர்ஷன்ரை அப்பா, அவையின்ரை ஊர்க் கோயில் சபைத் தலைவர். கோயில் விசயம் ஒண்டும் கிண்டப்படாது."

"நான் என்ன பொலிசோ?"

"அதைவிட மோசம்."

ஓகஸ்ட் 3, ஞாயிறு, பின்னேரம்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். பிறகு யோசிக்கலாம்.

கடை வாசலில் பெரிய பதாகை: "திருவிழா நிறைவடையும்வரை சைவம் மட்டும்." மேல்மாடி. எல்லா மேசையிலும் ஆட்கள், பாதிப்பேர் நெற்றியில் பூசையின் சந்தனம் காயாமல் வந்திருந்தார்கள். சிவதர்ஷன் எழுந்து கதிரை இழுத்துத் தந்தான். அவனுடைய தகப்பன் பரமலிங்கம் வேட்டி சால்வையோடு, அறுபத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என்னை எப்படி அழைப்பது என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதனால் எந்தப் பெயராலும் அழைக்கவில்லை.

பரிமாற வந்தவரிடம் கேட்டார்: "நாணுக்குள்ளை முட்டை போடுறனீங்களோ?"

"இல்லை ஐயா. எல்லாம் தனிச் சைவம். சமையல்காரரே பிறவிச் சைவம்."

"பேந்தென்ன, கொண்டாங்கோ."

பத்மாசினி ஏசியைப் பார்த்து "குளிர் கூடத்தான்" என்றார். நான் "ஓம்" என்றேன். முப்பத்தொரு வருடமாக மற்றவர்களைக் கதைக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறேன்!

நாண் வந்தது, பருப்பு வந்தது, நடுவில் ஒரு செம்புக் கிண்ணத்தில் "யாழ்ப்பாணக் காரப் பனீர்". விழாக்காலச் சிறப்பாம். நீங்கள் தொடங்குங்கோ என்பதுபோல் பரமலிங்கம் எனக்குக் கையைக் காட்டினார், மரியாதையாகத்தான். நான் முதலில் தொட்டேன்.

முதலில் உறைப்பு. பிறகு தேசிக்காய்ப் புளி. அதற்கு அடியில் மாசி. புகையிட்டுக் காயவைத்த சூரைமீன். சம்பலில் இடித்துப் போட்டால் வரும் அந்தச் சுவையை நித்திரையில் ஊட்டிவிட்டாலும் சொல்லுவேன்.

வாயைத் திறந்தேன். அந்த நொடியில் ஆரபியின் குதி என் பாதத்தின் மேல் இறங்கியது. நான் ஏதோ கேள்வி கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். மூடிக்கொண்டேன்.

பரமலிங்கம் நாணைப் பிய்த்து, கறியில் ஒற்றி, வாயில் வைத்தார். மெல்ல மென்றார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் கிளாசைப் பார்த்தேன்.

"நல்லாயிருக்கு" என்றார்.

பத்மாசினியும் "ஓம், நல்லம்" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். சிவதர்ஷன் போட்டான். ஆரபி போட்டாள். நானும் போட்டேன். கிண்ணம் வழித்துத் துடைத்தாயிற்று.

விரதம் பிடிக்கிற ஒரு மனிசன் என்ரை கண்ணுக்கு முன்னாலை மீனைத் தின்னுறார், நான் பாத்துக்கொண்டிருக்கிறன். சொன்னால் என்ன நடக்கும்? மேசை கவிழும். "கரையிலை பிறந்தவைக்கு மீன் மணம் பிடிபடாமல் விடுமே" என்று அளவெட்டிக்குத் திரும்பும் வழியில் காருக்குள் ஒருவர் சொல்வார். அதோடு கலியாணப் பேச்சு முடியும். சொல்லாமல் விட்டால்? விட்டுவிட்டேன். இதோ, இருக்கிறேன்.

ஓகஸ்ட் 4, திங்கள்

பத்மாசினி போன் எடுத்தார். எல்லாருக்கும் திருப்தியாம். "தேர் முடிய நாள் பாப்பம்" என்றார். ஆரபி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

நாக்கு ஆதாரம் ஆகாது. இன்னொருவர் இப்படி ஒரு செய்தியோடு வந்தால் நானே திருப்பி அனுப்புவேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

தனியாகப் போய் அதே கறியை எடுத்தேன். அதே சுவை. மனேஜர் சுபாஸ்கரனைக் கூப்பிட்டு, யார் என்று சொல்லி, சமையலறையைப் பார்க்கவேண்டும் என்றேன். முகம் மாறினாலும் தடுக்கவில்லை.

சமையல்காரர் பெயர் ஹரீஷ். கர்வால் மலைப்பக்கத்தவர். தமிழ் தெரியாது, சுபாஸ்கரன் மொழிபெயர்த்தார். "இங்கத்தைச் சனத்துக்கு உந்த உறைப்புக் காணாது" என்று சுபாஸ்கரன்தான் சொல்லியிருக்கிறார். ஹரீஷ் கடையொன்றில் கண்ட கட்டைச் சம்பல் என்ற மிளகாய்ச் சம்பல் போத்தல்களை வாங்கிவந்து கறியில் கரைத்திருக்கிறார். ஒன்றைத் திறந்து மணந்தேன். இனிச் சந்தேகமில்லை, மாசிதான்.

"இது என்ன மணம் எண்டு நினைச்சவர்? கேளுங்கோ."

"புகை காட்டிக் காயவைச்ச மிளகாய் எண்டு நினைச்சவராம் அக்கா."

ஹரீஷின் குடும்பத்தில் ஒருவரும் ஒருநாளும் மீன் தொட்டதில்லை. என்ன என்று சொன்னதும் ஹரீஷ் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போய்க் கொப்பளித்தார். ஒவ்வொரு சட்டியையும் ருசி பார்த்தவர் அவர். அந்தக் கட்டடத்தில் பிறவிச் சைவம் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவருக்கு மட்டும் தெரியவில்லை.

சுபாஸ்கரன் போத்தல்களை என் முன்னாலேயே குப்பையில் போட்டார். "இண்டையிலை இருந்து நிப்பாட்டியாச்சு. எழுதாதேங்கோ அக்கா. எழுதினால் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான்."

யோசிக்கிறேன் என்றேன். அப்படி நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

ஓகஸ்ட் 6, புதன்

ஆரபியிடம் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில் கதைத்தாள், அது இன்னும் மோசம்.

"நிப்பாட்டியாச்சு தானே. இனி எழுதி ஆருக்கு என்ன?"

"அந்தப் பதாகையை நம்பிச் சாப்பிட்ட சனத்துக்குத் தெரியவேணும். அவைக்குப் பிராயச்சித்தம் ஏதும் செய்யவேண்டியிருக்கும்."

"அவையின்ரை விரதம். என்ரை கலியாணம். எது பெரிசு உங்களுக்கு?"

ஒன்று மட்டும் தெரியும். இந்தச் செய்தியை எழுதாமல் விட்டால், எதற்காக விட்டேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை ஒரு அதிகாரியிடம் "ஏன் மறைச்சனீங்கள்?" என்று எந்த வாயால் கேட்பேன்?

செய்தி ஆசிரியரிடம் ஒருநாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். பரமலிங்கம் இதைப் பத்திரிகையில் படித்து அறியக்கூடாது.

ஓகஸ்ட் 7, வியாழன்

அளவெட்டி. பரமலிங்கம் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பம்மை நிறுத்தினார். இறைப்பு நின்றதும் பத்மாசினி வேலிப் படலையடிக்கு வந்து நின்றார்.

வழியெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பனீருக்குள்ளை மாசி இருந்தது. எனக்கு அங்கையே தெரியும். சொல்லாமல் விட்டிட்டன்."

அவர் காலில் ஒட்டிய சேற்றை மண்வெட்டி விளிம்பில் வழித்தார்.

"எனக்கும் தெரியும்."

நான் சரியாகத்தான் கேட்டேனா?

"வருசத்திலை மிச்ச நாளெல்லாம் மீன் தின்னுற ஆக்கள்தானே நாங்களும். பருத்தித்துறையாருக்கு மட்டுந்தான் நாக்கு இருக்கெண்டு நினைச்சீங்களோ?"

முகம் சுட்டது. அதைத்தான் நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"எழும்பியிருந்தால் நீங்கள் என்ன நினைச்சிருப்பியள்? மீனுக்காக எழும்பினான் எண்டோ?"

மீனுக்காக என்று நினைத்திருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. படலையடியிலிருந்து பத்மாசினி சொன்னார்: "நான் வந்த கையோடை தலைமுழுகினனான். இவர் பேசாமல் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவர்."

செய்தி நாளைக்கு வரும் என்றேன். அவர் மண்வெட்டியை வரம்பில் சாய்த்தார்.

"அண்டைக்கு ரெண்டு மேசை தள்ளி எங்கடை ஊராக்கள் இருந்தவை."

"உங்கடை பேர் வராது."

"வரத் தேவையில்லை."

"எழுதவேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அது உங்கடை வேலை."

பம்மைப் போட்டார். அந்தச் சத்தத்துக்குள் அதற்குமேல் ஒன்றும் கதைக்க முடியவில்லை. போகச் சொன்னாரா, தண்ணீர் கட்டவேண்டியிருந்ததா? வீடுவரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆரபியிடம் சொன்னபோது அவள் மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

"மணத்திலையே எனக்கும் தெரியும் அம்மா. நீங்கள் சொல்லிப்போடுவியள் எண்டுதான் காலை மிதிச்சனான்."

"அப்ப சிவதர்ஷன்?"

"முதல் வாயிலையே எனக்கு மெசேச் போட்டவர். மேசைக்குக் கீழாலை."

ஐந்து பேர். ஒருவருக்காக ஒருவர் வழித்துத் துடைத்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"இப்பவும் எழுதப் போறீங்களோ?"

ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மூன்றாம் பக்கம், ஒற்றைப் பத்தி. கடையின் பெயர் உண்டு. சமையல்காரர் அறியாமல் செய்தது என்பது உண்டு, நிறுத்திவிட்டார்கள் என்பதும் உண்டு. மாசி என்று கண்டுபிடித்தவர்களில் செய்தியாளரும் ஒருவர், அவர் முதலில் பேசாமல் இருந்தார் என்ற வரியையும் எழுதியிருந்தேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். "இது செய்தி, பாவமன்னிப்புக் கேக்கிற இடமில்லை" என்றார். சரிதான்.

மத்தியானம் அவ்வழியால் போனேன். பதாகை இறக்கப்பட்டிருந்தது. கதவு பூட்டு.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அளவெட்டியிலிருந்து அழைப்பு இல்லை. ஆரபி என்னோடு கதைப்பதில்லை. தேநீர் மட்டும் போட்டு வைக்கிறாள், சீனி போடாமல்.

ஓகஸ்ட் 13, புதன்

ஆரபி சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

நேற்று அவர்கள் ஊர்க் கோயில் சபை கூடியிருக்கிறது. ஒருவர் பத்திரிகையை விரித்து, "எங்கடை ஊராக்களும் அங்கை போனவையாம்" என்று தொடங்கியிருக்கிறார். பரமலிங்கம் எழுந்து, "போனது நான். தெரிஞ்சுதான் சாப்பிட்டனான்" என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, "எதிரிலை என்ரை மருமகளின்ரை தாய் இருந்தவ" என்று சொல்லித் கோயில் கதவுத் திறப்புக்கோர்வையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

மருமகளின் தாய். அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டேன். சிவதர்ஷன் நேரே நின்று கேட்டானாம். இரண்டாவது ஆள் உறுதிப்படுத்தவில்லை. பரவாயில்லை.

ஆனால் அழைப்பு இன்னும் வரவில்லை. அந்த மனிசன்ரை பதவி என்னாலைதான் போனது. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை நான் எடுக்கிறது?

ஓகஸ்ட் 21, வியாழன்

தேர். செய்தி அனுப்பியாயிற்று. அந்தச் சனத்துக்குள் ஒரு வெள்ளைச் சால்வையைத் தேடினேன். எல்லாமே வெள்ளைச் சால்வை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

சந்தன் மகால் திறந்திருக்கிறது. ஹரீஷ் ஊருக்குப் போகவில்லை. சுபாஸ்கரன் என்னைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

ஓகஸ்ட் 28, வியாழன்

பத்மாசினி எடுத்தார். குரலில் இளக்கம் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை வாறம். உங்கடை வீட்டை."

என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். மறுமுனையில் இருவரும் ஏதோ கதைத்தார்கள், போனைப் பொத்திக்கொண்டு.

"உங்கடை பக்கம் பாரை மீன் படுகுதோ எண்டு இவர் கேக்கிறார். எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் எனக்குச் சோறு கட்டிக்கொண்டு வாறன்."

"சரி" என்றேன். இருவரை அழைத்தேன், ஒருவர் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஓகஸ்ட் 31, ஞாயிறு

விடிய முதல் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போய், வள்ளம் கரைக்கு வரும்வரை காத்திருந்து பாரை வாங்கினேன்.

வந்தார்கள். பரமலிங்கம் இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கினார். "உறைப்புக் காணாது, தங்கச்சி" என்றார். பத்மாசினி பெட்டியைத் திறந்து தன் சோற்றையும் பருப்பையும் எடுத்து வைத்தார். ஆரபி எழுந்துபோய் ஒரு தட்டுக் கொண்டுவந்து அவர் முன் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, மூன்று வாரத்துக்குப் பிறகு, "அம்மா, நீங்களும் இருங்கோ" என்றாள். இருந்தேன். கார்த்திகையில் நாள் பார்ப்பது பற்றிக் கதைத்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர்கள் போனபிறகு தட்டுகளைக் கழுவினேன். ஐந்து தட்டு. ஐந்திலும் முள் இருந்தது.