மூன்று வட்டமும் ஒரு வேன் சாவியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்ததும் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, போனில் நீ "சாப்டாச்சும்மா" என்று சொல்லுகிற வேகத்தில் எதை நம்புவது எதை விடுவது என்றே தெரிவதில்லை. போன தடவை பேசும்போது, நீ மறுபடியும், எப்பம்மா இங்க வருவே என்று கேட்டாய். நானும் வழக்கம் போல, நான் இல்லன்னா இங்க ஒரு சக்கரம் உருளாதுடின்னு சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். அது எனக்குச் சுருக்கென்றது. இந்த முறை என் பதில் வேறு, ஆனால் அது கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. சின்ன வயதில் கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் நீ, அதனால்தான் சொல்கிறேன், ஒழுங்காக வரிசையாகப் படித்து வா.

எங்கள் சங்கம் உனக்குத் தெரிந்ததுதான், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் இரவல் கொடுக்கிறோம், தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். எல்லாப் பொறுப்பையும் என் தலையில் கட்டிய பிறகுதான் அங்கே என்ன கோளாறு என்று எனக்குப் புரிந்தது. எங்களில் கெட்டவர்கள் யாருமில்லை, அதுதான் தொல்லையே. யார் உதவி கேட்டாலும், கேட்டது யார் காதில் விழுந்தாலும், உடனே "அனுப்பிடறோம்"தான். போன் எடுக்கிற அக்கா ஒரு பக்கம், ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒரு பக்கம், மெக்கானிக் ஒரு பக்கம், உன் அம்மா ஒரு பக்கம், ஆளாளுக்கு வேன் டிரைவரைப் பிடித்து, போற வழிதானே, அப்படியே இதையும் இறக்கிடுங்கன்னு சொல்வோம். அவர் வாய் திறக்காத மனுஷன். இப்படியே ஒரு வீட்டுக்கு மூன்று நல்லவர்கள் புண்ணியத்தில் மூன்று சக்கர நாற்காலி போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர் மூன்றையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, ஒண்ணு எனக்கு, மத்தது விருந்தாளிக்கான்னு கேட்டாராம். சிரிக்காதே. அதே நாளில், வர வேண்டிய நாற்காலி வராமல் இன்னொரு வீட்டில் ஒரு மனுஷர், கால் கட்டோடு, காலையிலிருந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் திட்டு வாங்கியது யார் தெரியுமா, டிரைவர்தான். நேராக வந்து வேன் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு முதலாளி போதும்மா, இத்தனை பேர் வேணாம், நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேன் நின்றால் சங்கம் நின்ற மாதிரி. அதோடு, நான் உன்னைப் பார்க்க வருவது என்ற பேச்சும் அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் புலம்பினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொண்டு நிறுவனம், கம்பெனி, தொழிற்சாலை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாயே, அந்த மூன்று வட்டத்தைச் சொன்னாய். ஒன்று வேலை, ஒன்று குழு, ஒன்று ஆள், தலைமை என்றால் மூன்றையும் பார்க்கணும், ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் கெட்டுவிடும் என்று. வட்டம் போட்டா வேன் ஓடுமாடின்னு உன்னிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் மறுநாள் காலையில் முதல் வேலையாக, சங்கத்து இரும்பு அலமாரிக் கதவில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, மூணு சக்கர வண்டி ஏதாச்சும் வாங்கப் போறோமான்னு கேட்டார். எல்லாரையும் நிற்கவைத்தே பேசினேன். எங்கள் இடத்தில் உட்காருவதென்றால் சக்கர நாற்காலியில்தான் உட்கார வேண்டும், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக டீ அடுப்புப் பக்கம் உருண்டு போய்விடுவார்கள். இன்னைக்கு என்ன முடியணும், யாரு யாரோட சேந்து செய்யணும், உங்களுக்கு என்ன வேணும், இவ்வளவுதான் கேள்வி, அன்றிலிருந்து தினமும் காலையில் இதே மூன்றுதான்.

டிரைவர் அன்றைக்கு வேன் பேப்பர்களை ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். அவரிடமும் கேட்டேன், உங்களுக்கு என்ன வேணும்னு. மேலே விட்டத்தைப் பார்த்தார், கீழே செருப்பைப் பார்த்தார். அப்புறம், எது சொல்றதா இருந்தாலும் ஒரு ஆள் சொல்லட்டும், எந்த வீடு முதல்ல எந்த வீடு அப்புறம்னு நான் பாத்துக்கறேன்னார். கொஞ்சம் நிறுத்தி, எனக்குச் சர்க்கரை இருக்கு, மதியம் நேரத்துக்குச் சாப்பிடணும்னார். ஊரில் உள்ள நோயாளிக்கெல்லாம் ஓடுகிற எங்களுக்கு, எங்களுக்காக ஓடுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியவில்லை பார். நர்ஸ் அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது, என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கத்தினார். டிரைவர் சாதாரணமாக, யாரு கேட்டான்னார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கேயே நின்ற நிலையில் முடிவு செய்தோம், இனி போன் அக்கா மட்டும்தான் டிரைவரிடம் சொல்வார், மற்றவர்கள் எதுவானாலும் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும், நானும் உள்பட. கட்டில் போகிற வீட்டுக்கு நர்ஸ் அக்கா முன்னாலேயே போய் வாசல், படி எல்லாம் பார்த்துவிடுவார். மெக்கானிக் கேட்டது, என் ஸ்பானர் பெட்டிய யாரும் தொடக்கூடாது என்பது மட்டும்தான், அதற்கும் தலையாட்டினோம். டிரைவர் மேஜையில் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே உனக்குப் போன் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது, அங்கே நீ தூங்குகிற நேரமாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

மற்றவர்கள் பழகிவிட்டார்கள், எனக்குத்தான் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்றது. வாசலில் டிரைவரைப் பார்த்ததும் "அப்படியே" என்று ஆரம்பிப்பேன், அவர் போன் அக்கா ஜன்னலைக் கை காட்டுவார். அப்போதுதான் நீ சொன்னாய், ஒரு நாள் போகாம இரும்மா, நீ இல்லாம ஓடுதான்னு அப்பதான் தெரியும்னு. நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேனா, ஆஸ்பத்திரியில் கூரை ஒழுகுகிறதென்று ஒரு வார்டையே காலி செய்கிறார்கள், அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வருகிறார்கள், அத்தனை பேருக்கும் நாங்கள்தான் கட்டிலும் நாற்காலியும் கொடுக்க வேண்டும் என்று செய்தி வந்தது. இந்த நாள் வேண்டாம், வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உன் அப்பாதான், பரீட்சைன்னு வச்சா கஷ்டமான கேள்வியா வை, சுலபமான கேள்விக்கு எதுக்குப் பரீட்சைன்னு என்னைப் பிடித்து வீட்டில் உட்காரவைத்தார். துடைத்த அலமாரியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. சங்கத்துக்கு எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறதல்லவா, அங்கே போய் உட்கார்ந்தோம், புதுக் கண்ணாடி பார்க்கிற சாக்கில். அங்கேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. கட்டிலை ஏற்றினார்கள், மெத்தையை ஏற்றினார்கள், நோயாளி புரண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் மாட்டுகிற கம்பித் தடுப்பு மட்டும் சுவரில் சாய்ந்தபடியே நிற்கிறது! யார் கண்ணிலும் படவில்லை. நான் எழுந்து ஓடப் பார்த்தேன், உன் அப்பா என் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் இருன்னார். வேன் நகர்ந்தேவிட்டது. அப்போது பார், இடத்தைவிட்டு எழுந்தே வராத எங்கள் போன் அக்கா, காதில் போனோடு தெருவுக்கு ஓடி வந்து வேனின் பின்பக்கத்தைத் தட்டு தட்டென்று தட்டினார். கட்டில் போகிற வீட்டில் முன்னாலேயே போய் நின்றிருந்த நர்ஸ் அக்கா, தடுப்புக் கம்பி ஏத்தியாச்சான்னு போனில் கேட்டிருக்கிறார். டிரைவர் இறங்கினார், மெக்கானிக் தூக்கிக் கொடுத்தார், வேன் போய்விட்டது. அம்மா எங்கேன்னு ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் பவர் சரியில்லை போலிருக்கு என்று வேறு கண்ணாடி எடுத்துக் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில். தாங்க முடியாமல் தெருவைத் தாண்டிப் போனேன், ஏதோ அந்த வழியாக வந்தவள் மாதிரி. போன் அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உங்கள அப்பவே பாத்துட்டோம், கை காட்டினா உள்ள வந்துடுவீங்கன்னு யாரும் திரும்பியே பாக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சேன்னார். உன் அப்பா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை வழக்கம் போல எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டு, சரி கிளம்பலாம் என்றேன். டிரைவர் நகரவில்லை. எங்க எல்லாரையும் கேட்டீங்க, உங்களுக்கு என்ன வேணும்மான்னார். ஒண்ணும் வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "என் பொண்ணப் பாக்கணும்" என்று வந்துவிட்டது. போன் அக்கா, எப்ப கிளம்பறீங்கன்னு மட்டும் கேட்டார். காலைக் கேள்வியை இனி ஆளுக்கொரு நாள் கேட்பார்களாம், முதல் நாள் டிரைவராம். ஏர்போர்ட்டுக்கும் நீங்கதானே கொண்டு விடுவீங்கன்னு அவரிடம் கேட்டேன். அதுக்கும் போன் அக்காகிட்ட சொல்லுங்கன்னுட்டார்!

வருகிறேன்டி கண்ணு! மாதம் பிறந்ததும் நானும் அப்பாவும் வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்பா பெட்டியை எடை மெஷினில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார். அவருக்குத் தட்டையான தலையணை ஒன்று வாங்கி வை, உயரமாக இருந்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு நாள் முழுக்க முனகுவார். உன் அடுக்களையில் பாத்திரம் எப்படி அடுக்கியிருந்தாலும் நான் தொடமாட்டேன், உன் சமையலறைக்கு நீதான் தலைவி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிறாய், உன்னை அங்கே யார் கேட்கிறார்களோ தெரியாது. வந்த அன்றைக்கே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உன் எதிரில் நின்று, உனக்கு என்ன வேணும்னு கேட்பேன். ஒண்ணும் வேணாம்மான்னு மட்டும் சொல்லக்கூடாது. பதிலை இப்போதே யோசித்து வை.

உடம்பும் மனசும் குறைவில்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம். வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ள மறக்காதே.

இப்படிக்கு,
பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா