ஞாயிற்றுக்கிழமை இனி போன் வேண்டாம்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அஃப்ரினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கும் அப்படியே என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுத மாட்டேன். போனில் சொன்னால் பக்கத்தில் படுத்திருக்கும் உன் அம்மா காதில் விழும், நீயும் பாதியில் அழுது என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், உன் தம்பி ஜாகிர் படம் பிடித்து அனுப்புவான்.

கடையை ஜாகிர்தான் பார்க்கிறான், பெருநாள் துணி பாதிக்குமேல் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது, நான் போவதில்லை. உன் அம்மாவின் மார்பில் இருந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது, இனி சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் வைத்திருப்பதுதான் மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்ததை உன்னிடம் நான் மறைக்கவில்லை. நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் லோகேஸ்வரிக்கு அங்கிருந்து போன் அடித்து, "அம்மா எப்பப் பாத்தாலும் தூங்குறாங்க, மார்ஃபினைக் கொறைங்க" என்றாயாம். அந்தப் பெண் என்னிடம், "அங்கிள், இந்த வீட்டுல யாரு பாஸ், நீங்களா, டப்ளின் பொண்ணா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் மருந்தோடு வந்த தாளை அகராதி வைத்து வரி வரியாகப் படித்தவன். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல அது, வராமலிருக்க நேரம் தவறாமல் கொடுப்பது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் நீ பார்ப்பது என்ன, முக்காடு போட்டு, உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு அம்மா திரையில் சிரிக்கிறாள், உடனே "தேறிட்டாங்க அத்தா" என்கிறாய். அந்தச் சிரிப்பு எப்படி வருகிறது என்று கேள். சனிக்கிழமையிலிருந்தே மருந்தை வாயில் அடக்கி வைத்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் டிஷ்யூவில் துப்பிவிடுகிறாள். தலையணை உறைக்குள் கைவிட்டபோதுதான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "புள்ளத்தாச்சிப் பொண்ணு, நான் வாய் குழறுனா பயந்துடுவா, அந்த ஒரு நாள் முழிச்சிருக்கேன், நீங்க சும்மா இருங்க" என்றாள். மார்புப் புண்ணின் வாடை போக அத்தர் பூசச் சொல்கிறாள், திரைக்குள் வாடை போகாது என்றால் கேட்கிறாளா. நீ போனை வைத்ததும் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். லோகேஸ்வரி அந்த வலியை அடக்கி முடிப்பதற்குள் மறுபடி சனிக்கிழமை வந்துவிடுகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன், இனி ஞாயிறு போன் கிடையாது. ஜாகிர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டான், "அக்கா பாவம்லா அத்தா, வரவும் முடியல, மூஞ்சியையாவது பாத்துக்கட்டும்" என்கிறான். பாவம்தான். இந்த மாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது உன் குற்றமில்லை, நானும் வா என்று சொல்லவில்லை. ஆனால் நீ பெற்றெடுக்கும்வரை உன் அம்மா இருக்க மாட்டாள். முகம் பார்க்காமலே போய்விடுமே என்பாய். ஆமாம், போய்விடும். அதற்காகக் காலமெல்லாம் என்னைத் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். அவளை வலியோடு உட்கார வைத்து உனக்குக் காட்ட மாட்டேன்.

இப்போது மருந்தை நானே ஊட்டி, விழுங்கினாளா என்று பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன். தூங்குகிறாள். நடுவில் கண் திறந்து, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாங்க" என்கிறாள். இல்லை என்கிறேன். நாளை மறுநாள் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.

வேண்டுமானால் உன் குரலைப் பதிவு செய்து அனுப்பு, அழாமல் பேசு, அவள் தூங்கும்போது காதருகே வைக்கிறேன். கேட்டதா என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் பார்த்து நட. நல்லபடியாகப் பிரசவமாகி தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத் துஆ கேட்கிறேன். நினைவிருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காதே. மணிச்சத்தம் கேட்டால் எழுந்து உட்காரப் பார்ப்பாள்.

வஸ்ஸலாம்.
உன் அத்தா,
அய்யூப்