இடது காதில் உன் குரல்

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

போன மாதம் ஊனப் பென்ஷன் அப்பீலில் மறுபடி மெடிக்கல் போர்டுக்காகச் சென்னை ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரியாதையாக இருக்கட்டுமே என்று பட்டாளத்துக் கால பேண்ட்டை மாட்டினேன். பஸ் வில்லியனூரைத் தாண்டுவதற்குள் ஜிப் விட்டுவிட்டது. அப்பீல் ஃபைலை மடியில் கவிழ்த்தபடியே போய்ச் சேர்ந்தேன். அந்த ஃபைலால் கிடைத்த முதல் உதவி அது.

பயிற்சியில் நம் பீரங்கி வெடித்த அன்று நீ போனாய், என் இடது காது போனது. பட்டாளத்தைவிட்டு வரும்போது எடுக்கிற ரிலீஸ் மெடிக்கலில் குறை ஏதும் உண்டா என்றார்கள். சாயங்கால ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல, ‘ஒன்றுமில்லை சார்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு போர்டு என்ன எழுதும்? காதுக் குறை பத்து சதவீதம், பணியால் வந்ததல்ல. அப்படியொரு நாளே இல்லாத மாதிரி.

அப்பீல் எழுதியது என் மகள் கயல். “கொல்லையிலேர்ந்து கத்துனா கேக்காது, கறிக்கொழம்புன்னா மட்டும் ரெண்டு காதும் கேக்கும். உனக்கு எத்தினி பர்சன்ட் போடறதுன்னு போர்டே முழிக்கும்பா” என்றாள்.

காது டெஸ்ட் சின்னக் கண்ணாடி அறையில். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி ஒரு பட்டனைக் கையில் கொடுத்தாள் டெஸ்ட் எடுக்கிற பெண். வலது காது முடிந்தது. இடதில் ஒன்றுமே இல்லை. பிறகு,

“இன்னா மச்சான், இன்னும் எவ்ளோ நேரம்?”

நீதான். மூச்சுக்கூடக் காதில் பட்டது. அமுக்கிவிட்டேன்.

“நான் இன்னும் சத்தமே குடுக்கலயே சார்” என்றாள் அந்தப் பெண், வலது காதில். விரல் பட்டுவிட்டது என்றேன்.

அன்றைக்குப் பீரங்கியடியில் நீ கடைசியாகக் கேட்டது பீடி. உயிரோடு இருந்தவரை இந்தக் கேள்வியை நீ கேட்டதே இல்லையே மச்சான். இது எப்போது கேட்டது?

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கேட்டாய். அமுக்கினால் காது கேட்கிறது என்று எழுதிவிடுவார்கள். விரலைப் பட்டனிலிருந்து எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை உன் குரலில் சலிப்பு இருந்தது.

நேற்று ஆர்டர் வந்தது. நாற்பது சதவீதம். பணியின்போது பீரங்கி வெடித்ததால் என்று தேதியோடு எழுதியிருக்கிறது. கயல் இரண்டு முறை படித்துக் காட்டினாள். “ஜெயிச்சிட்டபா” என்றாள். நான் தலையாட்டினேன்.

தை பிறந்ததும் உன் ஊர் பனித்திட்டுக்கு வந்து, உன் வீட்டில் உன் படத்துக்குமுன் அந்தக் காகிதத்தை வைக்கிறேன். இனி எனக்கு டெஸ்ட் கிடையாது. கூப்பிடு, பதில் சொல்கிறேன். அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லாதது இவ்வளவுதான்:

இரு மச்சான், கயல் நர்சிங் முடிக்கட்டும், வந்துடறேன்.

என்றும் உன் மச்சான்,
பண்டசோழநல்லூர் சுப்புராயன்