தோளில் இரண்டு தட்டு

நேற்று சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே யாரோ ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். ஆயில் கலந்த பெட்ரோல் எரிகிற நீலப் புகை முகத்தில் வந்து மோதியது. இப்போதெல்லாம் அந்த வாசனை அபூர்வம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷமும் தள்ளிப்போட்ட ஒன்றைச் சொல்ல, இரண்டு மைல் தள்ளியிருக்கும் உன் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நீ வாலாஜாபாத் அரிசி மில்லில் எஞ்சின் மெக்கானிக். நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மில் முதலாளியின் மகன் கழித்துவிட்ட, அதே மாதிரிப் புகை விடுகிற மோட்டார் சைக்கிளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரித்துப் போட்டுச் சேர்த்து ஓட வைத்தாய். ஓடியதும் உனக்கு மலை பார்க்க வேண்டும்.

“நம்ம ஊர்ல பூமி தட்டையா கீது ரிப்போர்ட்டரே. ஏரிக்கரை மேல ஏறினாத்தான் கியருக்கே வேல வருது” என்றாய்.

பந்திப்பூர், முதுமலை, ஊட்டி, டாப்ஸ்லிப், மூணாறு, தேக்கடி. ஒன்பது நாள் திட்டம். ஓட்டுவது நீ, பின்னால் உட்கார்ந்து வருவது நான். காற்றில் பேச்சு காதில் விழவில்லை என்பதால் காஞ்சிபுரம் தாண்டியதுமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். உன் வலது தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. காவேரிப்பாக்கத்தில் டீக்கடையைப் பார்த்து ஒன்று தட்டினேன். தோளில் நழுவிய பையைச் சரிசெய்யும்போது கை இன்னொரு முறை பட்டுவிட்டது. டீ இல்லாமல் வேலூர்வரை ஓட்டிவிட்டு இறங்கினாய்.

“ஒழுங்கா எண்ணித் தட்டுயா! உன் கைய நம்பித்தான் நான் வண்டி ஓட்டிக்கினு கீறேன்.”

மூன்றாம் நாள் பந்திப்பூரைக் கடந்து எல்லைச் செக்போஸ்ட்டுக்கு வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. “யானை நடமாட்டம் இருக்குதுங்க. வழியில எங்கேயும் நிக்காமப் போயிருங்க” என்று கார்டு சொல்லித் தடுப்பைத் தூக்கினார். தெப்பக்காடு அங்கிருந்து சில மைல்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது.

ஒரு வளைவு திரும்பியதும் அவரைப் பார்த்தோம். வேட்டி கட்டியவர், நாற்பது வயது இருக்கலாம். சாலையோரத் தேக்கு மரத்தில் சாய்ந்து நின்றார். இடது பாதத்தைத் தரையில் ஊன்றவில்லை. வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை முழுதும் தெரிந்தது. கத்தவில்லை. நீ வேகத்தைக் குறைத்து, தலையை லேசாகப் பின்பக்கம் திருப்பினாய். என் தட்டுக்குக் காத்திருந்தாய்.

இரண்டு தட்டினேன்.

அதே நேரம் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. நீ கியரை மாற்றினாய். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கை இன்னும் இறங்கவில்லை.

ஒரே வண்டியில் மூன்று பேர் எப்படிப் போவது, வழிப்பறிக்காரனாக இருந்தால், யானை வந்துவிட்டால் என்றெல்லாம் பின்னால் காரணங்களை அடுக்கிக்கொண்டேன். தட்டியபோது என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

தெப்பக்காட்டில் இறங்கியதும் நீ நேராக வனத்துறை ஆபீசுக்கு ஓடிச் சொன்னாய். ஜீப் கூடலூர் போயிருக்கிறது, காலையில்தான் வரும் என்றார்கள். அங்கிருந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை.

“எத்தினி தட்டு தட்டின நீ?”

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீயே பதிலும் சொன்னாய்.

“ஒண்ணுதான் தட்டியிருப்ப. ஒரு ஆளு கை காட்டிக்கினு நிக்கறான், நீ போவச் சொல்லுவியா? அந்தக் குழில வண்டி குதிச்சுது பாரு, அத நான் இன்னொரு தட்டுன்னு எடுத்துக்கினேன். தப்பு என்துதான்.”

நான் “ம்” என்றேன்.

அந்த ஓர் எழுத்துக்காகத்தான் இந்த மடல்.

காலையில் ஜீப்புக்குக் காத்திருக்காமல் அந்த மரத்துக்குத் திரும்பினோம். புல் கொஞ்சம் மிதிபட்டிருந்தது. வேறெதுவும் இல்லை. நீ சாலையை விட்டு இறங்கி, செடிகளை விலக்கிக்கொண்டு, “அண்ணே! யாருனா கீறீங்களாண்ணே?” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாய். என்னைவிட நீ பயந்தவன். மில்லில் எலி ஓடினால் நாற்காலி மேல் ஏறுகிறவன். அன்றைக்கு உன் குரல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றேன். மசினகுடியிலும் கூடலூரிலும் விசாரித்தோம். அவர் யார், யாரோடாவது போய்ச் சேர்ந்தாரா என்று எவருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

மீதி ஆறு நாளும் மலைகள் அதனதன் இடத்தில்தான் இருந்தன. நீ அவற்றைப் பார்க்கவில்லை. சாலையோரம் யார் நின்றாலும் வண்டியை நிறுத்தினாய். மூணாறு பனியில், தேயிலை பறிக்கப் போன பெண்கள் இரண்டு முறை நம்மைக் கண்டு பயந்து ஒதுங்கினார்கள். நிறுத்து என்று நான் தட்டவே தேவையிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பயணத்தைப் பற்றி ஞாயிறு மலருக்கு எழுதினேன். யானைக் கூட்டம், கொண்டை ஊசி வளைவுகள், தேக்கடி ஏரி எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டு, “நல்லா எழுதிக்கீற. அந்த ஆளத்தான் காணோம்” என்றாய். “இடம் பத்தல” என்றேன். அடுத்த வாரம் வண்டியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு இரும்பு கேரியர் மாட்டியிருந்தாய். மூட்டை வைக்கத்தான் என்றாய். அதன்பிறகு உன் பின்னால் யாரும் உட்காரவில்லை.

நேற்று நான் போனபோது உன் மனைவி மரகதம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “வாண்ணா, இன்னா இப்படி வேர்த்துக் கொட்டுது? நடந்தா வந்தீங்க?” என்று மின்விசிறியைப் போட்டாள். அது சுற்றத் தொடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் சரியாகத்தான் எண்ணினார், ரெண்டு தட்டினது நான்தான் என்று.

கையிலிருந்த சட்டையை அவள் மடித்து முடித்தாள்.

“மறுபடி மூணு வாட்டி அங்க போனாரு, தெரியுமாண்ணா? மைசூர்ல மெஷின் சாமான் வாங்கறேன்னு மில்லுல சொல்லிட்டுப் போவாரு. மூணாவது வாட்டி நானும் பஸ்ஸுல கூடப் போனேன். அந்த மரத்தாண்ட நின்னுகினு, ‘ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாத கய்தை நானு’ன்னு தன்னத்தானே திட்டிக்கினாரு. ‘ரிப்போர்ட்டராண்ட சொல்லாத, பாவம், மனசு கஷ்டப்படுவான்’னாரு.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வாராவாரம் வூட்டுக்கு வந்தீங்களேண்ணா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காபி போட உள்ளே போனாள்.

எத்தனையோ விபத்துகளின் இடத்துக்குப் போய், யார் மேல் தவறு என்று விசாரித்து எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும், தவறு செய்தவன் என்று உன் பெயரை நீயே எழுதிக்கொள்ள, தெரிந்தே விட்டுவிட்டேன். நீயும் அதை முப்பது வருஷத்துக்கு மேல் அடித்துத் திருத்தாமல் வைத்திருந்தாய். அந்த மரத்தடியில் ஒரு கை இன்னும் உயர்ந்தே இருக்கிறது. இப்போது அதன் பக்கத்தில் நீயும் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். இரண்டு பேரையும் விட்டுவிட்டு எங்கேயும் போக முடியவில்லை.

திட்டிக்கொள்ளாதே. உனக்கு எண்ணத் தெரியும்.